முன்னேஸ்வரத்தில் காது குத்தி வந்த பிறகு கவனிக்க வேண்டியவை

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள் வந்துவிட்டால் எமது தோட்டங்களிலிருந்து வான்களும் பஸ்களும் சிலாபம் பக்கம் இறங்கத் தொடங்கிவிடும். முன்னேஸ்வரத்தில் நாள்கணக்கில் திருவிழா நடந்து, தெதுரு ஓயாவில் தீர்த்தத்தோடு நிறைவுபெறும். அதற்கு முன்பே உடப்பு திரௌபதை அம்மன் தீமிதிக்குப் போய் வருபவர்களும் உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்கள் கற்பிட்டிப் பக்கம் தலவில் அன்னம்மாள் கோயிலுக்குப் போவார்கள். "புள்ளைக்கு மொட்டை போட்டு, காது குத்திட்டு வாறோம்" என்று நேர்த்தி வைத்துப் போகும் குடும்பங்கள் எம்மிடையே நிறைய. குத்துவது ஒரு நிமிட வேலைதான். அந்தக் காதை லயத்துக்குக் கொண்டுவந்து ஆறு முதல் எட்டு வாரம் பார்த்துக்கொள்வது பற்றியே இங்கு எழுதுகிறோம்.

பயணத்துக்கு முன் பிள்ளையின் கிளினிக் அட்டையை எடுத்துப் பாருங்கள். 2, 4, 6 மாதங்களில் போடும் தடுப்பூசியில் ஏற்பு நோய்க்கும் ஈரலழற்சி 'பி' நோய்க்கும் காப்பு இருக்கிறது. இந்த மூன்று ஊசியும் முடிந்த பிறகு குத்துவதே நல்லது. பெரியவர்கள் மூக்கோ இரண்டாம் துளையோ குத்துவதாக இருந்தால், கடைசியாக ஏற்பு ஊசி போட்டது எப்போது என்று தோட்ட ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ள வேண்டும். தேர்த்திருவிழாவில் அலகு குத்துபவர்களுக்கும் செடில் காவடி எடுப்பவர்களுக்கும் இது இன்னும் முக்கியம். அவர்களுடைய காயம் ஆழமானது.

கோயிலடியில் வரிசையாகப் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரே ஊசியால் குத்துபவரிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். நெருப்பில் காட்டிவிட்டேன் என்று அவர் சொன்னாலும் போதாது. உறை பிரிக்காத புது ஊசியைக் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? சில கடைகளில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் குத்துகிறார்கள். அதன் பிளாஸ்டிக் பாகங்களைக் கொதிக்கவைத்துக் கிருமி நீக்க முடியாது.

குளிப்பு முழுக்கு எல்லாம் முதலில் முடியட்டும், காது குத்துவது கடைசியில் இருக்கட்டும். புதுத் துளையோடு ஆற்றிலோ கடலிலோ களப்பிலோ இறங்கக்கூடாது. கடல் தண்ணீர் உப்புத்தானே, புண்ணுக்கு நல்லதுதானே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் உப்பு மட்டுமா இருக்கிறது!

குத்தும் இடம் கீழே தொங்கும் மெத்தென்ற சோணையாகவே இருக்கட்டும். மேல்காதில் குருத்தெலும்பு இருக்கிறது. அங்கே இரத்த ஓட்டம் குறைவு. சீழ் பிடித்தால் குருத்தெலும்பு அழிந்து காது சுருங்கிப்போகும், பழைய வடிவம் திரும்பாது. இளம் பிள்ளைகள் இப்போது மேல்காதில் குத்த ஆசைப்படுகிறார்கள். ஆறுவதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை எடுக்கும் என்று தெரிந்தால் பாதிப்பேர் விட்டுவிடுவார்கள் என்பது எமது எண்ணம். குடும்பத்தில் யாருக்காவது காயம் ஆறிய இடத்தில் தழும்பு மேடாக வளர்ந்திருந்தால், குத்துவதற்கு முன்பே டொக்டரிடம் சொல்லுங்கள்.

இனித் தோடு. முதல் தோடு சின்னதாக இருந்தாலும் அசல் தங்கமாக இருக்கவேண்டும். 22 கரட் தங்கத்தில் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், மிச்சம் பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். கவரிங் தோட்டில் மேல்பூச்சு தேய்ந்ததும் அடியிலுள்ள உலோகம் புண்ணில் படும். அதில் நிக்கல் இருந்தால் சொறியும் நீர்வடிதலும் வரும். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்தவருக்கு வாழ்நாள் முழுக்கக் கைக்கடிகாரப் பட்டி, சட்டைக் கொக்கி பட்டாலும் அரிக்கும். ஐரோப்பிய நாடுகள் 1994இலேயே இதற்குச் சட்டம் கொண்டுவந்தன. ஆகவே பெரிய கவரிங் ஜிமிக்கியைவிட அரைக் கிராம் தங்க வளையம் மேல். பெரிய தோட்டுக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. பாரமான தோடு புதுத் துளையைக் கீழே இழுத்துக் கிழிக்கும். திருகாணித் தோடானால் இறுக்கித் திருகாதீர்கள். காது வீங்குவதற்கு இடம் வேண்டும். கைக்குழந்தைக்கு, கழன்று வாய்க்குள் போகாத மூடிய வளையமே பாதுகாப்பு.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். பள்ளிக்கூடச் செலவு, மரணச் செலவு என்று வந்தால் பிள்ளையின் தோடு அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. துளை மூடிவிடும் என்று ஈர்க்குத் துண்டையோ வேப்பங்குச்சியையோ செருகிவிடுகிறோம். ஆறிய பழைய துளைக்கு அது பரவாயில்லை என்று சொல்லலாம். ஆறாத துளைக்கு அது சிராய்க்கும், ஈரத்தை உறிஞ்சும், கிருமி தங்கும். அந்த இரண்டு மாதமாவது அந்தத் தோட்டை அடகுக்கு எடுக்காமல் வேறு வழி பாருங்கள். முடியாவிட்டால் துளை மூடினாலும் மூடட்டும். பிறகு குத்திக்கொள்ளலாம்.

கழுவுவதற்கு மருந்து தேடி அலைய வேண்டாம். தலவில் போகிறவர்கள் பாலாவியில் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த உப்புத்தான் மருந்து. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு கோப்பைக்குக் கால் தேக்கரண்டி உப்பு. கூடப் போட்டால் புண் காய்ந்து எரியும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியை நனைத்து, காலையும் மாலையும் முன்னும் பின்னும் ஒற்றி எடுங்கள். மஞ்சள், தேங்காயெண்ணெய், சாம்பல் எதுவும் வேண்டாம். தோட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தால்தான் ஒட்டாது என்று பாட்டிமார் சொல்வார்கள். திருப்பும்போது உள்ளே ஆறிவரும் தோல் மறுபடி கிழிகிறது. தானாக ஆறவிடுங்கள்.

கொழுந்துக்குப் போகும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. தலையில் போடும் கூடைக் கயிறு காதை உரசும், தொங்கட்டானில் மாட்டும். மூக்குக் குத்தியவர்கள் முக்காட்டை இழுக்கும்போது மூக்குத்தி அகப்படும். மூக்கு ஆற நாலு மாதமாவது ஆகும். அதுவரை வேலைக்குப் போகும்போது ஒட்டிய சின்னத் தோடும் ஒற்றைக்கல் மூக்குத்தியும் போதும். மருந்தடித்த கையோடு புண்ணைத் தொடக்கூடாது.

முதல் சில நாட்கள் கொஞ்சம் வீக்கம், தெளிந்த நீர் கசிந்து பொருக்குக் கட்டுவது எல்லாம் வழமை. சிவப்பு பரவிக்கொண்டே போனால், காது சூடாகி விண்விண் என்று குத்தினால், மஞ்சள் பச்சைச் சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், தோட்டின் தலை சதைக்குள் அமிழ்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். "சம்பள நாள் கழியட்டும்" என்று வைக்காதீர்கள். வருமுன் தோட்டைக் கழற்றிவிடவும் வேண்டாம். கழற்றினால் மேல்துளை மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தங்கிவிடும். கழற்றுவதா இல்லையா என்பதை மருந்து கொடுப்பவர் பார்த்துச் சொல்வார்.