திறக்க மறுக்கும் கோப்பு

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பொருளாளர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பதினைந்து ஆண்டுக் கணக்குகள், உறுப்பினர் பட்டியல், வசதி குறைந்த மாணவர்களுக்கு வழங்கிய உதவிநிதி விவரம் ஆகிய அனைத்தும் அவருடைய கணினியில் விரிதாள்களாக உள்ளன. ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு இன்னும் ஒரு வாரமே இருக்கிறது. இந்நிலையில், அவர் தம் கணினியின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றுகிறார்.

மறுநாள் பழைய கணக்குக் கோப்பைச் சொடுக்கினால், "இதை எந்த மென்பொருளால் திறப்பது?" என்று கணினி அவரையே கேட்கிறது. இன்னொரு கோப்பின் பெயரை மாற்றிப் பார்க்கிறார்; அது திறக்கவே மறுக்கிறது. மூன்றாவது கோப்பு திறக்கிறது. ஆனால், உறுப்பினர்களின் பெயர்கள் இருந்த இடத்தில் பொருளற்ற எழுத்துகள் நிரம்பியுள்ளன. "எல்லாம் அழிந்துவிட்டதே!" என்று அவர் தலையில் கை வைக்கிறார்.

உண்மையில், பெரும்பாலான நேரங்களில் எதுவும் அழிந்திருக்காது. கோப்பு வேறு, அதைப் படித்துக் காட்டும் மென்பொருள் வேறு. கோப்பு என்பது வன்தட்டில் எழுதப்பட்டுள்ள எண்களின் வரிசை. அந்த எண்களைக் கட்டங்களாகவும் தொகைகளாகவும் பெயர்களாகவும் மாற்றிக் காட்டுவது மென்பொருளின் வேலை. இயங்குதளம் மாறும்போது, படித்துக் காட்டும் அந்தத் துணை போய்விடுகிறது. பூட்டுக்குள் பொருள் பத்திரமாக இருக்கிறது, சாவிதான் தொலைந்திருக்கிறது.

சாவி மூன்று வகைகளில் தொலையலாம்.

முதலாவது, கோப்பை உருவாக்கிய மென்பொருள் புதிய இயங்குதளத்தில் இயங்காமல் போவது. ஆப்பிள் கணினிகளில் பலர் பயன்படுத்திய ஆப்பிள்வொர்க்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது பவர்பிசி என்னும் பழைய வகைச் சில்லுக்காக எழுதப்பட்ட மென்பொருள். 2006ஆம் ஆண்டு முதல் ஆப்பிள் கணினிகள் இன்டெல் சில்லுக்கு மாறின. பழைய மென்பொருள்கள் புதிய சில்லில் இயங்குவதற்காக, ரொசெட்டா என்னும் மொழிபெயர்ப்பு வசதி இயங்குதளத்தில் சேர்க்கப்பட்டது. 2011இல் வெளிவந்த லயன் பதிப்பில் அவ்வசதி நீக்கப்பட்டது. அதனால், லயனுக்கு மாறிய கணினிகளில் ஆப்பிள்வொர்க்ஸ் இயங்கவில்லை. அதில் உருவாக்கிய விரிதாள்கள் வன்தட்டில் அப்படியே இருந்தும் அவற்றைத் திறக்க வழியில்லாமல் பயனர்கள் திகைத்தனர்.

இரண்டாவது, கோப்பின் பெயரும் உள்ளடக்கமும் பொருந்தாமல் போவது. கோப்புப் பெயரின் இறுதியில், புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளைக் கொண்டே எந்த மென்பொருளை அழைப்பது என்று கணினி முடிவு செய்கிறது. எக்செல் கோப்புகள் நீண்ட காலம் 'எக்ஸ்எல்எஸ்' என்று முடிந்தன. 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து 'எக்ஸ்எல்எஸ்எக்ஸ்' என்னும் புதிய வடிவம் வந்தது. புதிய வடிவக் கோப்பு, உண்மையில் பல சிறு கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு பொட்டலம். பழைய வடிவத்தின் அமைப்பு முற்றிலும் வேறு. ஆகவே, பெயரின் முடிவில் ஓர் எழுத்தைச் சேர்ப்பதால் பழைய கோப்பு புதிய கோப்பாக மாறிவிடாது. உப்பு நிறைந்த புட்டியில் 'சர்க்கரை' என்று எழுதி ஒட்டினால் உப்பு இனிக்குமா?

மூன்றாவது, தமிழில் தட்டெழுதுவோர் நன்கு அறிந்த எழுத்துருச் சிக்கல். கணினிக்கு எழுத்துகள் தெரியா. எண்கள் மட்டுமே தெரியும். ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்துக்கு 65 என்பது எண். தமிழ் எழுத்துகளுக்குப் பொதுவான எண்கள் இல்லாத காலத்தில், ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென்று ஒரு வரிசையை வைத்துக்கொண்டது. பிற எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் தமிழ் எழுத்துகளின் வடிவங்கள் பொருத்தப்பட்டன. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு அஞ்சல் உட்படப் பல மென்பொருள்களின் உதவியால் அக்காலத்தில் தமிழ் கணினியில் வலம் வந்தது. வெவ்வேறு வரிசைகளைக் குறைக்கும் முயற்சியாக, 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகள் பரிந்துரைக்கப்பட்டன.

இன்று நாம் பயன்படுத்தும் ஒருங்குறியில் ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் உண்டு. 'அ' என்னும் எழுத்தின் எண் 2949. அது எந்தக் கணினியிலும் மாறாது. ஆனால், பழைய எழுத்துருவில் தட்டெழுதிய பட்டியலுக்கு அந்தப் பழைய எழுத்துரு தேவை. புதிய இயங்குதளத்தில் அது நிறுவப்படவில்லை என்றால், தமிழ்ப் பெயர்கள் பொருளற்ற எழுத்துகளாகத் தெரியும்.

இனி, கோப்பை மீட்கும் முறையைக் காண்போம்.

முதலில், திறக்காத கோப்பை விரலியிலோ வேறொரு கணினியிலோ நகலெடுத்து வைக்க வேண்டும். எந்தச் சோதனையையும் நகலில்தான் செய்ய வேண்டும். மூலக் கோப்பைத் தொடக்கூடாது. பொருளற்ற எழுத்துகளோடு கோப்பு திறந்தால், அதை மாற்றிச் சேமிக்காமல் மூடிவிட வேண்டும். பல கோப்புகளைக் கெடுப்பது இயங்குதள மாற்றம் அன்று. அதன்பின் பதற்றத்தில் அழுத்தும் 'சேமி' பொத்தானே.

அடுத்து, கோப்பின் அளவைப் பார்க்க வேண்டும். அளவு சுழியம் என்றால் உள்ளே ஒன்றும் இல்லை. முன்பு எடுத்துவைத்த நகலைத்தான் தேட வேண்டும். விண்டோஸ் 10, 11 பதிப்புகளில் இயங்குதளத்தை மேம்படுத்திய பிறகு, பழைய அமைப்பின் கோப்புகள் 'விண்டோஸ்.ஓல்ட்' என்னும் கோப்புறையில் பொதுவாகப் பத்து நாள் வரை இருக்கும். பிறகு அது தானாகவே நீக்கப்படும். எனவே, காலம் தாழ்த்தாமல் அங்கும் தேடிப் பார்க்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தால், படிக்கத் தெரிந்த மென்பொருளைத் தேட வேண்டும். லிப்ரே ஆபிஸ் என்னும் இலவச மென்பொருள் ஆப்பிள்வொர்க்ஸ், லோட்டஸ் 1-2-3 போன்ற பழைய மென்பொருள்களின் விரிதாள்களையும் படிக்கக்கூடியது. எக்செல் கோப்பு பழுதடைந்திருந்தால், எக்செலிலேயே உள்ள 'திறந்து பழுதுபார்' வசதியை முயலலாம். பெயர் மாற்றப்பட்ட கோப்புக்குப் பழைய பெயரையே திரும்பக் கொடுக்க வேண்டும். தமிழ் எழுத்துகள் சிதைந்திருந்தால், பழைய கணினியிலிருந்து அந்த எழுத்துருவை நிறுவிப் படிக்கலாம். அல்லது எழுத்துரு மாற்றியின் துணையோடு ஒருங்குறிக்கு மாற்றலாம். ஆயினும், முன்பின் தெரியாத இணையத்தளத்தில் கோப்பைப் பதிவேற்றக்கூடாது. அதில் மற்றவர்களின் அடையாள அட்டை எண்களும் தொலைபேசி எண்களும் இருக்கலாம் அல்லவா?

கோப்பு திறந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. மீட்ட விரிதாளைச் சரிபார்ப்பதும் மீட்பின் ஒரு பகுதியே. மொத்தத் தொகை பழைய அச்சுப் பிரதியோடு ஒத்துப்போகிறதா? வரிசைகளின் எண்ணிக்கை குறையவில்லையா? தேதிகள் சரியா? பழைய மெக்கிண்டாஷ் எக்செல் 1904ஆம் ஆண்டிலிருந்தும் விண்டோஸ் எக்செல் 1900ஆம் ஆண்டிலிருந்தும் நாள்களை எண்ணின. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தேதிகளை நகலெடுத்து ஒட்டினால் 1462 நாள், அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும், பிசகிவிடக்கூடும். அதேபோல, 2008இல் பிறந்த மலேசிய மாணவரின் அடையாள அட்டை எண் சுழியத்தில் தொடங்கும். அதனை வெறும் எண்ணாகக் கருதும் விரிதாள், முன்னால் உள்ள சுழியத்தை விழுங்கிவிடும்.

மீட்க முடியாத கோப்புகளும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. மறைச்சொல்லால் பூட்டிய கோப்பின் திறவுகோலை இழந்தாலோ, வன்தட்டை முற்றாகத் துடைத்துவிட்டுப் புதிய இயங்குதளத்தை நிறுவினாலோ, மீட்பது மிகக் கடினம். அதனால்தான் மேம்படுத்துவதற்கு முன்பே இரண்டு இடங்களில் நகல் வைக்க வேண்டும். பழைய மென்பொருள் இயங்கும்போதே, பல மென்பொருள்களாலும் படிக்கக்கூடிய வடிவத்தில் கோப்பை மீண்டும் சேமித்துக்கொள்ள வேண்டும். முக்கியக் கணக்குகளைத் தாளில் அச்சிட்டு வைப்பதும் நன்று. ஓலைச்சுவடி செல்லரிப்பதற்கு முன்பே புதிய ஓலையில் படியெடுத்த நம் முன்னோரும் இதைத்தான் செய்தனர்.

அந்தப் பொருளாளர் மூலக் கோப்புகளை மாற்றிச் சேமிக்காமல், இவ்வழிகளை ஒவ்வொன்றாக முயன்றால், பொதுக்கூட்டத்திற்கு முன்பே கணக்கு கைக்கு வந்துவிடும் வாய்ப்பு அதிகம். பதறாத காரியம் சிதறாது என்பது கணினிக் கோப்புக்கும் பொருந்தும்.