புட்டியில் அடங்காத அமிலம்

அமிலம் என்றாலே பட்ட இடத்தைப் பொசுக்கிவிடும் என்று பயப்படுகிறோம் அல்லவா? ஹைப்போஅயோடஸ் அமிலமோ பரம சாது. சோடாவிலுள்ள கார்பானிக் அமிலத்தைவிடப் பலம் குறைந்தது. புட்டியில் அடைத்து வைக்கவும் முடியாது. தானே சிதைந்து அயோடைடாகவும் அயோடேட்டாகவும் மாறிவிடும்.

ஆனால், கடலின்மேல் இந்த நோஞ்சான் செய்யும் வேலை பெரிது! தரையை ஒட்டிய காற்றில் ஓசோன் மிகுந்தால் நுரையீரலுக்கும் கேடு, பயிருக்கும் கேடு. அந்த ஓசோன் கடல்நீரில் பட்டதும், அதிலுள்ள அயோடைடுடன் கலந்து இவ்வமிலம் பிறக்கிறது, காற்றில் எழுகிறது. வெயில் அதை உடைத்து அயோடின் அணுவைப் பிரிக்கிறது. அந்த அணு, அமிலத்தைப் பிறப்பித்த ஓசோனையே அழிக்கிறது.

கடலிலிருந்து இவ்வமிலம் கிளம்புவதை 2013-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் விளக்கினார்கள். ஓசோன் பெருகப் பெருக அமிலமும் பெருகும். வினையை விதைத்தவன் வினையைத்தானே அறுக்க வேண்டும்!