சாகிற வேஷம் யாருக்கு?

நான் எழுதப் போவது சினிமாவைப் பற்றி. சினிமாவா என்று டீச்சர் கோபப்பட வேண்டாம். முழுசா படிச்சுட்டுச் சொல்லுங்க.

நிறைய படங்களில் ஹீரோவுக்கு ஒரு நண்பர் இருப்பார். காலனிக்காரராக இருப்பார், இல்லேன்னா முஸ்லிமாக இருப்பார். ரொம்ப நல்லவர். இடைவேளைக்குள் வில்லன் அவரைக் கொன்னுடுவான். உடனே ஹீரோவுக்குக் கோபம் வரும், சண்டை வரும், நாம் விசில் அடிப்போம். செத்தவர் வீட்டில் மறுநாள் அடுப்பு எரிஞ்சதா, அவர் பிள்ளை ஸ்கூலுக்குப் போச்சா என்று படத்தில் வராது. அவரைக் கதையில் சேர்த்ததே சாகறதுக்குத்தான்.

சாகாவிட்டாலும் இதே கதைதான். தேவர் மகன் (1992) படத்தில் கோயில் பூட்டைத் திறக்கச் சொன்னது சக்தி, திறந்தது இசக்கி. கை வெட்டுப்பட்டது யாருக்கு? இசக்கிக்கு. ஆனால் கதை சக்தியைப் பற்றியது. இசக்கியாக நடித்தவர் வடிவேலு. 31 வருஷம் கழித்து, 2023 ல், மாரி செல்வராஜ் மாமன்னன் எடுத்தார். அந்த இசக்கிதான் இந்த மாமன்னன் என்று அவரே மேடையில் சொன்னார். அதே வடிவேலு அதில் எம்.எல்.ஏ., கடைசியில் சபாநாயகர்!

வெளிநாட்டிலும் இப்படித்தான். அமெரிக்காவில் மார்வெல் காமிக்ஸில் கமலா கான் என்று ஒரு பெண். பாகிஸ்தானிலிருந்து போன முஸ்லிம் குடும்பம். நம்ம அக்காமார் வயசு, ஸ்கூல் படிச்சுக்கிட்டே சூப்பர் ஹீரோ. 2014 ல் அவளுக்குத் தனிப் புத்தகமே வந்தது. 2023 ல் அவளைக் கொன்னாங்க. எங்கே தெரியுமா? அவள் புத்தகத்தில் இல்லை, ஸ்பைடர்மேன் புத்தகத்தில்! படிச்சவங்க கோபப்பட்டாங்க. அதே வருஷம் உயிரோடு திரும்பி வந்துட்டாள், அது காமிக்ஸில் மட்டும்தான் நடக்கும்.

அப்போ கதையில் யாரும் சாகவே கூடாதா என்று என் தோழி கேட்டாள். சாகலாம். ஜெய் பீம் (2021) பாருங்க. 1993 ல் உண்மையாக நடந்தது. அப்போ நம்ம வானூரும் கடலூரும் ஒரே தென்னாற்காடு மாவட்டம், அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில்தான் பிரிஞ்சது. உண்மையில் இறந்தவர் குறவர், படத்தில் இருளர் என்று மாற்றிட்டாங்க. போலீஸ் அடித்து ராஜாக்கண்ணு செத்துடுவார். ஜெயிப்பது வக்கீல் சூர்யாதான், அது எனக்குக் கொஞ்சம் குறை. ஆனால் செங்கேணி கடைசி வரைக்கும் வருகிறாள். பெரிய அதிகாரி பணம் தருகிறேன் என்றதும் வேண்டாம் என்கிறாள். ராஜாக்கண்ணுவை நாம் மறக்காததற்கு அவள்தான் காரணம். அதே வருஷம் மாநாடு படத்தில் அப்துல் காலிக்கே ஹீரோ. அவர் செத்துச் செத்துப் பிழைப்பார், அது வேற விஷயம்!

இதையெல்லாம் இப்போ எழுதக் காரணம் நம்ம ஆண்டு விழா நாடகம். ஏரியைக் காவல் காக்கும் இருளர் தாத்தா முதல் காட்சியிலேயே செத்துடுவார். அப்புறம் பட்டணத்துப் பையன் வந்து ஏரியை மீட்பான். தாத்தா வேஷம் எனக்கு. வசனம் மூணு, அப்புறம் திரைக்குப் பின்னால் உப்புக்குச் சப்பாணி. தாத்தாவுக்கு ஒரு பேத்தி இருக்கட்டும், கலெக்டரிடம் அவளே பேசட்டும் என்று நாலாம் காட்சியை மாற்றி எழுதிக் குடுத்திருக்கேன். படிச்சுப் பார்க்கிறேன் என்று தமிழ் ஐயா வாங்கி வச்சிருக்கார்.