தூர் வாரினால் வருவது

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களுக்கும் கடற்கரை கிடையாது. எங்களுக்கு மீன் என்றால் ஏரி மீன்தான்: விரால், கெளுத்தி, கெண்டை. கோடையில் ஏரி வற்றினால் தூர் வாருவார்கள். அப்போது வண்டலோடு என்ன வரும் என்று கரையில் நின்று பார்க்காத பிள்ளைகள் இங்கே குறைவு. தம்பி மகன் விளையாடிக்கொண்டிருந்த வீடியோ கேமின் பெயர் ‘ட்ரெட்ஜ்’ என்றதும் எனக்கு அந்த ஏரிக்கரைதான் நினைவுக்கு வந்தது. நீரடியைத் தூர் வாருவதற்கான ஆங்கிலச் சொல் அது.

நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் இயங்கும் ‘பிளாக் சால்ட் கேம்ஸ்’ என்ற சிறிய குழு உருவாக்கி, 2023 மார்ச் 30 அன்று வெளிவந்த விளையாட்டு இது. ஆடுபவர் ஒரு மீனவர். பாறையில் மோதிப் படகை இழந்தவருக்கு, தீவின் மேயர் கடனாக வேறொரு படகு தருகிறார். மீன் பிடித்து விற்றுக் கடனை அடைக்க வேண்டும். வலை, தூண்டில், நண்டுக்கூடு எல்லாம் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட மீன் வகைகளும் உண்டு.

படகின் சரக்கறை கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வடிவம். திருப்பித் திருப்பி அடுக்கித்தான் இடம் பிடிக்க வேண்டும். எஞ்சினும் விளக்கும் படகின் கட்டங்களையே அடைத்துக்கொள்ளும். பாறையில் இடித்தால் ஒரு கட்டம் சேதமாகும், அதிலிருந்த மீன் கடலோடு போகும். மீன் நேரத்தோடு கெட்டும் போகும். விற்கும் வரை பிடித்த மீன் நம்முடையதில்லை என்பது மீன்பிடித் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதானே!

நான் மிகவும் வியந்தது கடிகாரத்தை. படகு சும்மா நின்றால் நேரமும் நிற்கும். நகர்ந்தால், மீன் பிடித்தால், தூர் வாரினால் ஓடும். ஆகவே இருட்டு தானாக வருவதில்லை; நாம் செய்யும் வேலை ஒவ்வொன்றும் அதை ஓரடி கிட்டே கொண்டுவருகிறது. இன்னும் ஒரு மீன் என்று நிற்பவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

“பெரியப்பா, ராத்திரில கடல்ல நிக்கக் கூடாது. கரைக்குப் போய்த் தூங்கிடணும்” என்றான் அவன். சொல்லிவிட்டு அவனே நின்றான். சில மீன்கள் இரவில் மட்டுமே கிடைக்கும். பனி மூடியதும் திரையின் மேற்பக்கத்தில் ஒரு கண் திறந்தது. படகோட்டியின் பீதி ஏற ஏற அந்தக் கண் அங்குமிங்கும் அலைகிறது. பகலில் வெறும் தண்ணீராக இருந்த இடத்தில் பாறை முளைக்கிறது. இருட்டில் ஏரிப் பக்கம் போகாதே, கொள்ளிவாய்ப் பிசாசு என்று பாட்டி மிரட்டியபோது வயிற்றில் ஏறிய அதே குளிர்.

பூதங்களும் இந்த விளையாட்டில் உண்டு. ஆனால் பயத்தின் வேர் அவை அல்ல என்றே நினைக்கிறேன். தூண்டிலில் சில சமயம் கண் பெருகிய, உடல் பிளந்த மீன் ஒன்று ஏறுகிறது. அதைத் தூக்கி எறிய மனம் வராது, ஏனென்றால் நல்ல மீனைவிட அதற்கு விலை அதிகம். பயத்தையும் ஆசையையும் ஒரே தூண்டிலில் கோத்திருக்கிறார்கள். நீருக்கு மேலே இருப்பதை மட்டும் காட்டி, கீழே இருப்பதை நம் மனத்திடமே விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் ஊரில் இது தலைகீழ். நீர் போய்விட்டது, கடலடி மட்டும் இருக்கிறது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கிரெட்டேசியஸ் காலத்தில் இங்கே கடல் ஏறியது. காரை, கொளக்காநத்தம் பக்கம் மழை அரித்த களிமண் ஓடைகளில் நடந்தால், சுருண்ட அம்மோனைட்டு, தோட்டா போன்ற பெலெம்னைட்டு என்ற கடலுயிரிகளின் புதைபடிவங்கள் காலடியில் கிடக்கும். சுறாப் பற்களும் இங்கே கிடைத்திருக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது. கடலடி வண்டலில் புதைந்து கல்லானது அது. கே, கன்லிஃப் என்ற இருவர் தென்னிந்தியாவில் திரட்டிய இத்தகைய புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்து எழுதினார்.

1879இல் ரிச்சர்ட் லிடெக்கர், அன்றைய திருச்சி மாவட்டத்தில் கிடைத்த முதுகெலும்புகளைக் கொண்டு ஒரு கடல் ஊர்வனவுக்குப் பெயர் வைத்தார்: இக்தியோசாரஸ் இண்டிகஸ். மீன் போன்ற உடல், நீண்ட அலகு, பற்கள். அந்தக் குடும்பத்தில் சிலவற்றின் கண் 20 சென்டிமீட்டருக்கும் மேல் அகலமானது, மங்கலான நீரில் இரை தேடுவதற்காக.

அதை அவனிடம் சொன்னேன். விளையாட்டை நிறுத்தி வைத்துவிட்டு, திரையில் அலைந்துகொண்டிருந்த கண்ணைப் பார்த்தான். “அது நம்ம ஊர்லயா இருந்துச்சு?” என்று கேட்டான்.