கட்டுரைப் பயிற்சி நாவலான கதை

ஆங்கில வகுப்பில் கட்டுரை என்றதும் நம்மில் பலர் செய்வது யாது? நோட்ஸ் புத்தகத்திலுள்ள ‘மழை நாள்’ கட்டுரையை நெட்டுருச் செய்து அப்படியே எழுதிவிடுவதுதான். நானும் அவ்வாறு எழுதிப் பத்துக்கு 8 மதிப்பெண் பெற்றவளே. எங்கள் ஓட்டு வீடு ஒழுகியதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

அமெரிக்காவில் டல்சா நகரத்துப் பள்ளி மாணவி ஹிண்டன். வசதியுள்ள மாணவரும் ஏழை மாணவரும் இரு கூட்டங்களாகப் பிரிந்து மோதுவதைக் கண்டு மனம் வெதும்பி, 15 வயதில் ஒரு நாவலைத் தொடங்கினார். ‘தி அவுட்சைடர்ஸ்’ என்ற அந்நூல் 1967-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 18. ஆண்பிள்ளைகளின் கதையைப் பெண் எழுதினாள் என்றால் விமர்சகர்கள் மதிக்கமாட்டார்கள் என்று பதிப்பகத்தார் அஞ்சியதால், சூசன் எலோயிஸ் என்பது எஸ்.இ. எனச் சுருங்கியது. (இது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை!) நாவலை எழுதிய ஆண்டில் படைப்பெழுத்துப் பாடத்தில் அவர் பெற்றது ‘டி’ தரமாம்.

கதை சொல்லும் போனிபாய்க்கு வயது 14. நண்பர்களை இழந்த துயரத்தில் படிப்பில் பின்தங்கிவிடுகிறான். நல்ல கட்டுரை ஒன்று எழுதினால் தேர்ச்சி தருவதாக ஆங்கில ஆசிரியர் கூறுகிறார். பலநாள் தவித்தபின், நடந்ததையே எழுத உட்காருகிறான். அவன் எழுதும் முதல் வாக்கியம், நாவலின் முதல் வாக்கியமேதான்! நாம் இதுவரை படித்தது அவனுடைய கட்டுரையை.

சென்ற மாதம் மீண்டும் ‘மழை நாள்’ வந்தது. ஒழுகிய இடங்களில் அம்மா வைத்த பாத்திரங்களைப் பற்றி எழுதினேன். பிழைகள் 12, மதிப்பெண் 5. ஆங்கிலம் அறியாத அம்மாவுக்கு அதைத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

“அண்டாவை விட்டுவிட்டாயே!” என்றார்.