சாது முதலில், முரடன் கடைசியில்!

கடல் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க ஆசைப்படுவோருக்கு முதலில் வேண்டியது பொறுமை. உப்பு நீரை நிரப்பிய கையோடு மீன்களை விடுவது அவற்றைக் கொல்வதற்குச் சமம்.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுபவை நுண்ணுயிர்கள். மீன் இல்லாத தொட்டியில் சிறிது அம்மோனியா சேர்த்து அவற்றைப் பெருக்கலாம். அதற்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் அடியோடு நீங்கிய பிறகே மீன்களுக்கு இடம்.

அப்போதும் ஒன்றிரண்டாகத்தான் விட வேண்டும். கோமாளி மீன் ஜோடி ஒன்று தொடக்கத்துக்கு ஏற்றது. நீல டாம்செல் பார்க்க அழகு, குணமோ முரடு. முதலில் குடியேறிவிட்டால் தொட்டி முழுவதையும் சொந்தமாக்கிக்கொண்டு, பின்னால் வருவோரை விரட்டி விரட்டிக் கடிக்கும். ஆகவே அதைக் கடைசியில் விடுவதே நலம். சிங்க மீனுடன் சிறு மீன்களைச் சேர்க்கவே கூடாது. வாய்க்குள் அடங்குவதையெல்லாம் அது விழுங்கிவிடும்.

புதிய மீன் எதுவானாலும் சில வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது அவசியம். ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றையும் மாய்த்துவிடும்.

இன்னொன்று: கோமாளி மீன்களைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யலாம் என்பதை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி மையம் செய்து காட்டியிருக்கிறது. பண்ணை மீனைக் கேட்டு வாங்கினால் பவளப் பாறையும் பிழைக்கும்!