துருவேறிய திருகும் ஆறு ஸ்விட்சும்

மின் கிட்டார் உதிரிபாகங்கள் விற்கும் இடங்களில் ஒரு வேடிக்கை உண்டு. பளபளக்கும் புதுத் திருகாணிக்கு ஒரு விலை. அதே திருகாணி மங்கி, ஓரத்தில் லேசாகத் துருவேறியிருந்தால் அதைவிடக் கூடுதல் விலை. தமக்கென்று ஒரு கிட்டாரைக் கட்டிக்கொள்ள நினைப்பவர்கள் பலரும் இரண்டு ஆசைகளோடு வருகிறார்கள். உலோகப் பாகங்கள் ஐம்பது வருடம் கைபட்டவைபோல் இருக்க வேண்டும். ஒரே கிட்டாரிலிருந்து பத்துப் பன்னிரண்டு விதமான ஒலி வர வேண்டும். முதல் ஆசை வேதியியலிடம் போகிறது, இரண்டாவது இயற்பியலிடம். இரண்டும் ஒரே கிட்டாருக்குள் குடியேறும்போது ஓரிடத்தில் முட்டிக்கொள்கின்றன.

முதலில் பழமை. 1950களின் அமெரிக்கக் கிட்டார்கள் பலவற்றில் உலோகப் பாகங்களுக்கு நிக்கல் முலாம் பூசியிருந்தார்கள். காற்றின் ஈரம், அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள், வாசிப்பவரின் வியர்வை உப்பு எல்லாம் சேர்ந்து நிக்கலை மெல்ல மங்கச் செய்யும். குரோமியம் அப்படி மசியாது. அதன் மேற்பரப்பில் தானாகவே உருவாகும் ஆக்சைடுப் படலம் சில நானோமீட்டர் தடிமன்தான். ஆனாலும் உள்ளே எதையும் விடாது. ஆகவே பழமை வேண்டுபவர் முதலில் நிக்கல் பாகமாகப் பார்த்து வாங்க வேண்டும். பிறகு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் ஒரு கிண்ணம் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பாகங்கள் அதைத் தொடாமல் மேலே தொங்கும். ஆவி மட்டும் படும். பல வருட மங்கல் ஒரே பிற்பகலில் வந்துவிடும். அந்த ஆவி நுரையீரலையும் விட்டுவைக்காது, அறையிலிருக்கும் மற்ற இரும்புக் கருவிகளையும் விட்டுவைக்காது என்பதால் இதைத் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். வினிகரும் உப்பும் வைத்துப் பொறுமையாகச் செய்பவர்களும் உண்டு. ஸ்பிரிங்குகளை மட்டும் இந்தப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. கடினமாக்கிய எஃகு அமிலத்தோடு வினைபுரியும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து, அதை நொறுங்கும் தன்மை உள்ளதாக்கிவிடும்.

ஃபெண்டர் நிறுவனம் 1995-இல் இப்படி ‘வயதாக்கிய’ கிட்டார்களை விற்கத் தொடங்கியது. கிழித்து விற்கும் ஜீன்ஸைப் போலத்தான் இதுவும். ஆனால் அயர்லாந்தின் ரோரி கல்லகர் வாசித்த 1961-ஆம் ஆண்டு ஸ்ட்ராடோகாஸ்டரைப் படத்தில் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று புரியும். பெரும்பகுதி வண்ணம் உதிர்ந்து, மரம் அப்படியே தெரியும் கிட்டார் அது. அந்தத் தோற்றம் கடையில் வாங்கியதல்ல. ஒரு மனிதர் மேடை மேடையாக வியர்வை சிந்தி ஏற்றியது.

மங்கிய முலாம் ஒலியை மாற்றுமா? மாற்றாது. முலாமுக்கு அடியில் இருக்கும் உலோகம் மாற்றும். தந்தியின் அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் பிக்கப்பின் மூடி பித்தளையாக இருந்தால், மாறும் காந்தப்புலம் அதற்குள் சுழல் மின்னோட்டங்களை எழுப்பும். உயர் அதிர்வெண்களின் ஆற்றலில் ஒரு பகுதி அங்கேயே வீணாகி ஒலி மழுங்கும். மின்சாரத்தை அவ்வளவு எளிதில் கடத்தாத நிக்கல் வெள்ளிக் கலவையில் இந்த இழப்பு குறைவு. ஆக, மூடியின் வயதைவிட அதன் உலோகம் என்ன என்று விசாரிப்பதே புத்திசாலித்தனம்.

பழைய பாகங்களும் பலவித இணைப்பும் ஒன்றுசேர்ந்த கிட்டார்களில் எனக்கு மிகப் பிடித்தது, அலங்காரத்துக்காக எதையும் பழையதாக்காத ஒன்று. 1963-இல் லண்டனின் மேற்குப் புறநகரில் பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்கு ஃபெண்டர் வாங்கக் காசில்லை. அப்பா ஹரால்டுக்கு எலக்ட்ரானிக்ஸும் மரவேலையும் கைவந்த கலை. இருவரும் கட்டத் தொடங்கினார்கள். முடிக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. கிட்டாரின் கழுத்து, பழைய கணப்படுப்பின் மேல்சட்டமாக இருந்த மஹோகனி மரம்; அதில் பூச்சி துளைத்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். உடலின் நடுப்பகுதி ஒரு பழைய ஓக் மேசை. சுர இடங்களைக் காட்டும் புள்ளிகள் முத்துச்சிப்பிப் பொத்தான்கள். சுரத்தை ஆட்டி அசைக்கும் ட்ரெமோலோ, கடினமாக்கிய கத்தி முனை ஒன்றின் மீது சாய்ந்தாடுகிறது. கம்பிகளின் இழுவைக்கு எதிராகத் தாங்குபவை ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். ட்ரெமோலோ கைப்பிடியின் நுனியில் அம்மாவின் பின்னல் ஊசியிலிருந்து வெட்டிய துண்டு. பையனின் பெயர் பிரையன் மே. பின்னாளில் குவீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர், 2007-இல் வான்இயற்பியலில் முனைவர். கிட்டாரின் பெயர் ரெட் ஸ்பெஷல்.

கத்தி முனை அங்கே ஏன் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ட்ரெமோலோவை அழுத்திவிட்டு விட்டால் கம்பிகள் பழைய இழுவிசைக்கே திரும்ப வேண்டும். திருகிலோ தாங்கியிலோ உராய்வு இருந்தால் மயிரிழை முன்பின்னாக நின்றுவிடும், சுருதி போய்விடும். முனை கூர்மையாகவும் கடினமாகவும் இருந்தால் உராய்வுக்கு இடமே மிகக் குறைவு.

இனி ஒலிக்கு வருவோம். மின் கிட்டாரின் பிக்கப் என்பது காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியளவு மெல்லிய செம்புக் கம்பியில் பல ஆயிரம் சுற்று. அவ்வளவுதான். 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இங்கே வேலை செய்கிறது. காந்தத்தின் அருகிலிருக்கும் எஃகுத் தந்தியும் காந்தமாகிறது. அது அதிரும்போது சுருளுக்குள் காந்தப்பாயம் கூடிக் குறைகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. பிக்கப் காற்றின் ஒலியைக் கேட்பதில்லை. தனக்கு நேர்மேலே உள்ள ஓரங்குலத் தந்தி எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதை மட்டுமே கவனிக்கிறது.

இதனால்தான் பிக்கப் உட்கார்ந்திருக்கும் இடம் அவ்வளவு முக்கியம். தந்தி ஒரே நேரத்தில் முழு நீளமாகவும், பாதிகளாகவும், மூன்றிலொன்றாகவும், நான்கிலொன்றாகவும் அதிர்கிறது. ஸ்ட்ராடோகாஸ்டரில் கழுத்தருகே உள்ள பிக்கப், தந்தியின் கால்பங்கு நீளத்தில் இருக்கிறது. விரல் வைக்காமல் மீட்டினால், நான்கு பாகமாக அதிரும் அலைக்கு அந்த இடத்தில் அசைவே இல்லை. அந்த மேற்சுரம் தந்தியில் இருக்கும், பிக்கப்புக்குத் தெரியாது. பிரிட்ஜ் அருகே இருக்கும் பிக்கப்புக்கோ அடிப்படைச் சுரத்தின் அசைவு சிறிதாகவும் மேற்சுரங்கள் துலக்கமாகவும் தெரியும். ஒலியும் அதற்கேற்பக் கூர்மையாகும்.

இரண்டு பிக்கப்களைச் சேர்த்தால் இரண்டு பார்வைகளும் கூடும். 1954-இல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரில் மூன்று நிலை ஸ்விட்ச்தான். ஒரு நேரத்தில் ஒரு பிக்கப். வாசித்தவர்கள் ஸ்விட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே சாமர்த்தியமாக நிறுத்தி, இரண்டையும் ஒன்றாகப் பேசவைத்தார்கள். அந்தக் குறும்பை ஃபெண்டர் ஏற்றுக்கொண்டு ஐந்து நிலை ஸ்விட்சைத் தானே பொருத்தத் தொடங்கியது 1977-இல்.

மே இன்னும் துணிந்தார். மூன்று பிக்கப்; ஒவ்வொன்றுக்கும் ஓர் இயக்க ஸ்விட்ச், கட்டத்தைத் திருப்ப இன்னொரு ஸ்விட்ச். மொத்தம் ஆறு. கட்டத்தைத் திருப்புவது என்றால் சுருளின் இரு முனைகளையும் இடம் மாற்றுவது. அதன் அலை தலைகீழாகும், கூட்டல் கழித்தலாகும். அடிப்படைச் சுரத்தில் தந்தி முழுவதும் ஒரே பக்கமாக ஆடுவதால் இரண்டு பிக்கப்பும் ஏறக்குறைய ஒரே சேதியைச் சொல்லும்; கழித்தால் பெரும்பகுதி காணாமல் போகும். மேற்சுரங்களிலோ ஒரு பிக்கப்புக்கு மேலே தந்தி ஏறும்போது இன்னொன்றின் மேலே இறங்கலாம். கழித்தல் அங்கே கூட்டலாகிவிடும். மூக்கால் பாடுவதுபோன்ற மெலிந்த, கூர்மையான ஒலி வருவது இப்படித்தான். ஆறு ஸ்விட்சுக்கு 64 நிலைகள். ஆனால் எல்லாவற்றையும் ஒருசேரத் தலைகீழாக்கினால் காதுக்கு வித்தியாசம் தெரியாது. தனியாக ஒலிக்கும் பிக்கப்புக்குக் கட்டம் பொருட்டில்லை. கணக்குப் போட்டால் தனித்தனியாக 3, இரண்டிரண்டாக 6, மூன்றும் சேர்ந்து 4. ஆகப் பதின்மூன்று வேறுபட்ட ஒலிகள்.

மேயின் இணைப்பில் சுருள்கள் தொடரிணைப்பில் இருக்கின்றன, ஃபெண்டரில் பக்க இணைப்பில். தொடரில் மின்னழுத்தங்கள் கூடும். தூண்டல் எண்ணும் கூடும். இந்த இரண்டாவது விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுருளின் தூண்டல் எண்ணும், கிட்டாரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் கேபிளின் மின்தேக்குதிறனும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்குகின்றன. 2.4 ஹென்றி சுருளுக்கு 600 பிகோஃபாரட் கேபிள் என்றால் அந்த உச்சி 4,200 ஹெர்ட்ஸ் அருகே விழும், 4.4 ஹென்றி என்றால் 3,100. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் ஏறத்தாழ இந்தப் பகுதியில்தான். பழங்காலத்து எண்ணெய்க் காகித மின்தேக்கிக்குப் பெருந்தொகை கொடுப்பவர்கள், கேபிளை இரண்டு மீட்டர் குறைத்துப் பார்த்தால் அதைவிடப் பெரிய மாற்றத்தைக் கேட்கலாம்.

பழமை ஆசையும் பல ஒலி ஆசையும் முட்டிக்கொள்ளும் இடம் ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப். ஒற்றைச் சுருள், மின்கம்பிகளின் இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. கிப்சன் நிறுவனப் பொறியாளர் சேத் லவர் 1955-இல் இரண்டு சுருள்களை அருகருகே வைத்தார். சுற்றும் திசையும் எதிர், காந்த முனையும் எதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகப் பிறந்து அழியும். தந்தியின் அசைவுக்குக் காந்தமும் எதிர் என்பதால் அது மட்டும் கூடும்.

இந்த இரு சுருள்களையும் தனித்தும், தொடராகவும், பக்கமாகவும் இணைத்தால் ஒரு பிக்கப்பிலிருந்தே பல ஒலிகள் கிடைக்கும். அதற்கு நான்கு முனைகளும் வெளியே வர வேண்டும். 1950களின் அச்சு அசலாக வேண்டுமென்று வாங்கிய ஹம்பக்கரிலோ, உலோகப் பின்னல் போர்த்திய ஒரே ஒரு கம்பிதான் வெளியே வரும். சுருள்கள் உள்ளேயே கோக்கப்பட்டிருக்கும். அதன் கட்டத்தைத் திருப்ப முயன்றால், தரையோடு இருக்க வேண்டிய பின்னலும் மூடியும் சிக்னல் பக்கம் போய்விடும். மூடியில் விரல் பட்டாலே ஆம்ப்ளிஃபையர் உறுமும். சரிசெய்ய ஒரே வழி, மூடியின் சாலிடரை எடுத்து, பிக்கப்பைத் திறந்து, நான்கு முனைகளையும் தனிக் கம்பிகளில் வெளியே கொண்டுவந்து, பின்னலை மூடியோடும் அடித்தட்டோடும் மட்டும் சேர்ப்பது. மூடியை மங்கவைக்க நினைப்பவர் அது தனியாகக் கையிலிருக்கும் அந்த வேளையிலேயே அமிலப் பெட்டியில் வைத்து, நன்றாகக் கழுவி, காயவைத்துவிட வேண்டும். திரும்பப் பொருத்தியபின் முழு பிக்கப்பையும் ஆவியில் வைத்தால் 0.063 மி.மீ. செம்புக் கம்பியில் எங்கோ ஓரிடத்தில் பச்சை பூத்து அறுந்துபோகும். எந்த ஸ்விட்சைத் தட்டினாலும் அந்தச் சுருள் பேசாது.